ஒரு சுவர், இரண்டு கண்கள்

ஐவரியா, இளநீலமா? கோலார் தங்கவயலில் ஒரு லைன் வீட்டின் பத்துக்குப் பத்து அறையில் எழுந்த இந்தச் சின்னக் கேள்விக்கு, பெயின்ட் கடையில் விடை கிடைக்கவில்லை.

பிரச்னை சின்னதுதான். பத்தடிக்குப் பத்தடி அறை. வடக்கே ஒரு ஜன்னல், கிழக்கே வாசல். பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிட வேண்டும். ராபர்ட்சன்பேட்டைக் கடையிலிருந்து வாங்கி வந்த ஷேட் கார்டில் இரண்டு கட்டங்களைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். ஒன்று ஐவரி, அதாவது வெண்ணெய் கலந்த வெள்ளை. இன்னொன்று ஐஸ் புளூ, நீலம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியான நீலம். அட்டையில் இரண்டும் தபால்தலை அளவுதான் இருந்தன. வித்தியாசமும் அந்த அளவுதான் தெரிந்தது.

ஆனாலும் மாரிக்குப்பத்தில் உள்ள என் மாமா வீட்டில் மூன்று வாரமாக இது முடிவாகவில்லை. மாமா நீலம் என்கிறார். மருமகள் ஐவரி என்கிறாள். மகன் எதையும் சொல்வதில்லை. விடிவதற்கு முன் பெங்களூர் ரயிலைப் பிடித்து, இரவு எட்டரைக்குமேல் வீடு திரும்புகிறவனுக்குச் சுவரைப் பார்க்க நேரம் ஏது? 'நீ படிச்சவன், நீயே வந்து சொல்லு' என்று எனக்குத் தகவல் வந்தது. தமிழ் முதுகலைக்கும் சுவர் வண்ணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் துணிவில்லாமல் ரயிலேறினேன்.

தங்கவயல் வெளிச்சத்தின் அருமை தெரிந்த ஊர். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் இங்கே காலூன்றியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து குடியேறின. சுரங்கத்துக்காகவே காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902-இல் இங்கே கொண்டுவந்தார்கள். உலகின் நீண்ட மின்தடங்களில் ஒன்றாக அது அன்று இருந்தது. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, மாமா கால் நூற்றாண்டுக்கு மேல் தலைவிளக்கின் வெளிச்சத்தில் வேலை பார்த்து முடித்திருந்தார்.

அவர் நீலம் கேட்பதற்குக் காரணம் இருந்தது. 'அந்தக் காலத்துல உங்க அத்தை பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்புல நீலம் போட்டு அடிப்பா. வூடே குளுந்து இருக்கும். ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா கண்ணுக்கு எதமா இருக்கும்.'

மருமகளின் வாதத்திலும் நியாயம் இருந்தது. 'ஆனி, ஆடி காத்துல சயனைடு மேட்டுத் தூசி மொத்தமும் உள்ளதான் வருதுண்ணா. நீலத்துல அது அப்படியே தெரியும். அது மட்டுமில்ல, வடக்கு ஜன்னல். ஏற்கெனவே இருட்டு. நீலம் அடிச்சா இன்னும் மந்தமா இருக்கும்.'

சயனைடு மேடு என்று ஊரார் சொல்வது, பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண். பிரித்தெடுக்கச் சயனைடு பயன்பட்டதால் அந்தப் பெயர். ஊரைச் சுற்றி இப்படி 13 மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் மண். அதில் மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. மருமகளுக்கு அதில் இருக்கும் தங்கத்தைப் பற்றிக் கவலையில்லை. ஜன்னல் கட்டையில் படியும் வெளிர் சாம்பல் தூசிதான் அவள் கவலை.

முதலில் மாமா சொன்ன நீலத்தைக் கவனிப்போம். நம் வீடுகளில் சுண்ணாம்போடு ஒரு சிட்டிகை நீலப்பொடியைச் சேர்த்தது சுவரை நீலமாக்குவதற்காக அல்ல, வெள்ளையாக்குவதற்காக. சுண்ணாம்பில் இயல்பாகவே ஒரு மஞ்சள் சாயல் உண்டு. நீலம் அந்த மஞ்சளை அடக்கிவிடும். வேட்டிக்கு நீலம் போடுவதும் இதே கணக்குதான். இந்த நீலத்தின் பெயர் அல்ட்ராமரீன். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைகளில் கிடைத்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்துத்தான் இதைச் செய்தார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் அதற்குத் தங்கத்தின் விலை கொடுத்த நாட்களும் உண்டு. இதைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் கிமேவுக்கு 1828-இல் பரிசு கிடைத்தது. அதன்பின் விலை சரிந்து, பெட்டிக்கடைப் பொட்டலம் வரை அந்த நீலம் இறங்கி வந்தது. சுண்ணாம்பின் காரத்தில் அது வெளுக்காது என்பது இன்னொரு வசதி.

ஆக, மாமாவின் நினைவில் இருக்கும் நீலமும் ஷேட் கார்டில் இருக்கும் ஐஸ் புளூவும் ஒன்றல்ல. ஒன்று, நீலம் சேர்த்த வெள்ளை. மற்றது, வெள்ளை சேர்த்த நீலம். இதை நான் விளக்கியபோது மாமா தலையாட்டினார். ஆனால் கேட்டது நீலம்தான்.

சரி, சுவரிலேயே அடித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. இரண்டு நிறத்திலும் சின்ன டப்பா வாங்கி, பழைய இளம்பச்சைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒவ்வொரு பட்டை இழுத்தார் பெயின்டர். காய்ந்தபின் பார்த்தால் ஐவரி லேசாக ரோஸ் அடித்தது. மருமகள் முகம் வாடிவிட்டது. 'கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்.'

கடைக்காரர் மேல் தவறில்லை. பச்சைக்கு நடுவே எந்த வெளிர் நிறத்தை வைத்தாலும் கண் அதில் கொஞ்சம் சிவப்பைச் சேர்த்துக்கொள்ளும். பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த வேதியியலாளர் ஷெவ்ரூல், நூலின் சாயம் மங்குவதாக வந்த புகார்களை ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார். பிழை சாயத்தில் இல்லை, பக்கத்தில் இருந்த நூலின் நிறத்தில் இருந்தது. 1839-இல் அதைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். எனவே பழைய நிறத்தின் மேல் பட்டை இழுத்துப் பார்ப்பது பாதி ஏமாற்றுதான்.

சரியான முறை இதுதான். இரண்டு பெரிய வெள்ளை சார்ட் அட்டை வாங்குங்கள். ஓரத்தில் இரண்டு விரல்கடை வெள்ளையை விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தை இரண்டு கோட் அடியுங்கள். நன்றாகக் காயவிடுங்கள். எமல்ஷன் காய்ந்தபின் பெரும்பாலும் சற்று அடர்த்தியாகத் தெரியும். ஈரத்தில் முடிவு செய்யக் கூடாது. பிறகு அட்டையை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு நாள், ஜன்னல் சுவரிலேயே ஒரு நாள் ஒட்டிவைத்துக் காலை, மதியம், விளக்கு வைத்தபின் என்று மூன்று வேளையும் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் தனித்தனியாகப் பார்ப்பது இன்னும் நல்லது. அடித்து முடித்தபின் அறையில் ஒரு நிறம்தானே இருக்கப்போகிறது?

அப்படித்தான் செய்தோம். காலையில் வாசல் வழியே வெயில் வந்தபோது இரண்டுமே அழகாக இருந்தன. மதியம், வடக்கு ஜன்னலின் வெளிச்சத்தில், நீலம் குளிர்ந்துபோய்ச் சாம்பல் பக்கம் சாய்ந்தது. வடக்கு ஜன்னலில் நேர்வெயில் வருவது குறைவு. வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம்தான் அதிகம் வரும். நீலத்தின் மேல் நீல வெளிச்சம் விழுந்தால் அறை மேலும் குளிரும். ஐவரி அந்த வெளிச்சத்தில் கொஞ்சம் சூடு காத்தது. ஒரு புள்ளி மருமகளுக்கு.

இரவில் கதை மாறியது. அந்த அறையில் இருந்தது நீலம் கலந்த வெள்ளை டியூப் லைட். அதன் கீழே ஐவரி உயிரில்லாமல், நாள்பட்ட காகிதம்போலத் தெரிந்தது. நீலம் பளிச்சென்று நின்றது. ஒரு புள்ளி மாமாவுக்கு.

இங்கேதான் தங்கவயலின் தனிப்பிரச்னை ஒன்று எனக்கு உறைத்தது. சுரங்கம் மூடியபின் இந்த ஊரின் உழைப்பு ரயிலேறிப் பெங்களூர் போகிறது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு பங்காருப்பேட்டை வழியாகப் போகும் ரயில்களில் தினமும் ஆயிரக்கணக்கானோர் போய்த் திரும்புகிறார்கள். இருட்டில் போய் இருட்டில் வருகிறவர்கள் தம் வீட்டுச் சுவரை விளக்கொளியில் மட்டுமே பார்க்கிறார்கள். வீட்டில் இருக்கும் முதியவரும் மருமகளும் பகலில் பார்க்கிறார்கள். ஒரே சுவர், ஆளுக்கொரு நிறம். எந்த நிறம் நல்லது என்பதற்கு முன், அந்த அறை எந்த நேரத்தில் யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டாக வேண்டும்.

விளக்கை மாற்றுவது சுவரை மாற்றுவதைவிடச் சுலபம். எல்.ஈ.டி. பல்புப் பெட்டியில் 2700 முதல் 6500 வரை ஒரு எண்ணும் 'கே' என்ற எழுத்தும் இருக்கும். எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும், கூடக் கூட நீலமாகும். மஞ்சள் வெளிச்சத்தில் வெளிர்நீலம் செத்துப்போகும், ஐவரி உயிர்பெறும். நீல வெளிச்சத்தில் நேர்மாறு. இரண்டுக்கும் நடுவே 4000 என்று ஒரு பல்பு வாங்கிப் போட்டோம். அதன் கீழ் இரண்டு அட்டைகளும் தேவலாம் என்ற நிலைக்கு வந்தன.

அப்போது மாமாவைக் கூப்பிட்டு, இரண்டு அட்டைகளையும் முன்னே வைத்து, எது வேண்டும் என்று கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே நிதானமாகப் பார்த்தார். பிறகு, 'ரெண்டும் ஒண்ணுதானே? நீலத்தை எங்க?' என்றார்.

விளையாடுகிறாரோ என்று நினைத்தோம். எழுந்து கிட்டே வந்து பார்த்தார். 'இது கொஞ்சம் பழுப்பு. அது சாம்பல்' என்றார். சாம்பல் என்று அவர் காட்டியதுதான் நீலம். மருமகள் என்னைப் பார்த்தாள். அடுத்தடுத்துச் சில விஷயங்கள் நினைவுக்கு வந்தன. போன மாதம் வாசற்படியில் தடுக்கி விழுந்தது. காபிக்குள் எறும்பு தெரியாமல் குடித்தது. இருட்டாக இருக்கிறது என்று பகலிலேயே விளக்கைப் போடச் சொன்னது. எல்லாவற்றுக்கும் 'வயசாயிடுச்சு' என்று ஒரே பதிலைச் சொல்லி வைத்திருந்தோம்.

மறுவாரம் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை.

கண்புரை என்றதும் வெள்ளையாகப் படர்வதுதான் பலருக்கும் நினைவு வரும். முதுமையில் பரவலாக வருவது, கண்ணின் ஆடி மெல்ல மெல்ல மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடுவது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு உலகைப் பார்ப்பதைப்போல. அந்த ஆடி முதலில் தடுப்பது நீல ஒளியைத்தான். வெளிர்நீலம் சாம்பலாகிவிடும். வெளிர் நிறங்களுக்கு இடையிலான வித்தியாசம் மறைந்துவிடும். படியின் ஓரம் எது, தரை எது என்பதும் கலங்கிவிடும். மாற்றம் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடப்பதால் பார்க்கிறவருக்கே தெரியாது, மூளை அதற்குப் பழகிவிடும். மாமா ஐஸ் புளூவைக் கேட்டது அட்டையைப் பார்த்து அல்ல, அத்தையின் சுவரை நினைத்து.

பெயின்டரிடம் சொல்லி வேலையைத் தள்ளிப்போட்டோம். பொங்கல் பழைய பச்சைச் சுவரோடே கழிந்தது. தை மாதத்தில் வலது கண்ணுக்கு அறுவை. பழைய ஆடியை எடுத்துவிட்டுச் செயற்கை ஆடியை வைத்தார்கள். கட்டை அவிழ்த்து வீடு வந்தவர் முதலில் கேட்டது அந்த அட்டைகளைத்தான்.

ஒரு கையால் இடது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி மாற்றினார். 'ஏன்டா, இந்தக் கண்ணுல பார்த்தா வெண்ணெய். அந்தக் கண்ணுல பார்த்தா டீக்கறை!' பிறகு நீல அட்டை. புதுக் கண்ணில் நீலம் பளீரென்றது, பழைய கண்ணில் அதே சாம்பல். கைக்குழந்தைபோல அரைமணி நேரம் கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தார். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கும் இதே அனுபவம். 1923-இல் வலது கண்ணில் மட்டும் புரை எடுத்தபின், ஒரே காட்சி இரண்டு கண்ணிலும் இரண்டு நிறமாகத் தெரிந்து அவர் தவித்தார். மாமா தவிக்கவில்லை, சிரித்தார். 'இத்தினி நாளா உங்க எல்லாரையும் டீக்கறையோடதான் பார்த்துக்கினு இருந்தேனா?'

உடனே நிறத்தை முடிவு செய்துவிட வேண்டாம் என்று நான் தடுத்தேன். அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் நீலம் அளவுக்கு மீறி நீலமாகத் தெரியும். மூளை புது ஆடிக்குப் பழக வேண்டும். காத்திருந்த நாட்களில் சுவரைக் கவனித்தோம். கீழே இரண்டடி உயரத்துக்கு நீர் ஊறி உப்புப் பூத்திருந்தது. ஈரச் சுவரில் எமல்ஷன் அடித்தால், அது மேலே தோல்போல மூடிக்கொள்ளும். உள்ளே உள்ள ஈரம் வெளியேற முடியாமல் கொப்புளம் கட்டி உரியும். சுண்ணாம்பில் அந்தத் தொல்லை இல்லை, சுவர் மூச்சுவிடும். ஆனால் சாய்ந்தால் முதுகில் ஒட்டும். பத்தடி அறையில் சாயாமல் இருக்க முடியுமா? எனவே வெளிப்பக்கம் மழைநீர் தேங்காமல் வழிசெய்து, உதிர்ந்த பூச்சைக் கொத்தி மறுபூச்சு பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகே பிரைமர் என்று பெயின்டர் சொன்னார். எந்த நிறத்தை அடித்தாலும் இதைச் செய்யாவிட்டால் அது இரண்டு மழைக்காலம் தாங்காது.

மாசிக் கடைசியில் இரண்டாவது கண்ணும் தெளிந்தபின் மறுபடி அட்டைகள் சுவருக்கு வந்தன. மாமா மூன்று வேளையும் பார்த்தார். ஐஸ் புளூ அட்டையைத் தட்டி, 'இது ஆஸ்பத்திரி நீலம். உங்க அத்தை அடிச்சது இது இல்ல' என்றார். நான் முன்பு விளக்கியதை அவர் கண்ணே இப்போது அவருக்குச் சொல்லிவிட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'பகல்ல நான் திண்ணையிலதான் கெடக்கேன். உள்ள உக்காந்து வேலை செய்யறது அந்தப் பொண்ணு. ராத்திரி வந்து படுக்கறது அவன். அவங்களுக்கு எது வெளிச்சமோ அதை அடி' என்றார்.

ஐவரி முடிவாயிற்று. ஆனால் நீலம் தோற்றுவிடவில்லை. வெளிர் சுவருக்கு நடுவே வெளிர் கதவு இருந்தால் பார்வை குறைந்தவர்களுக்கு வாசல் எங்கே என்று தெரியாது. சுவர் வெளிறியிருந்தால் கதவு, நிலை, சுவிட்ச் பலகை, படியோரம் இவையெல்லாம் அழுத்தமான நிறத்தில் இருப்பது முதியவர்கள் உள்ள வீட்டுக்குப் பாதுகாப்பு. எனவே கதவுக்கும் நிலைக்கும் அடர்நீல எனாமல் அடித்தோம். வாசற்படியின் விளிம்பில் அதே நீலத்தில் ஒரு பட்டை. பழைய கதவைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை: பழைய எனாமல்களில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016-இல் வந்த விதி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

மொத்தம் 320 சதுர அடி சுவர். ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 60 முதல் 70 சதுர அடி வரும் என்ற கணக்கில் ஐந்து லிட்டர் போதுமானதாக இருந்தது. இரண்டே நாளில் வேலை முடிந்தது. தேர்ந்தெடுக்கத்தான் மூன்று மாதம்.

உங்கள் வீட்டிலும் இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கலாம். பிஸ்கட் நிறமா, சந்தனமா? முல்லை வெள்ளையா, முட்டை வெள்ளையா? அட்டையைக் கடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவரில் ஒட்டி, வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வயதானவர்களை முதலில் கேளுங்கள். 'ரெண்டும் ஒண்ணுதானே' என்று அவர்கள் சொன்னால், வீண் பிடிவாதம் என்றோ ரசனை இல்லை என்றோ நினைத்துவிடாமல், பெயின்டருக்கு முன்னால் கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

போன வாரம் மாரிக்குப்பம் போயிருந்தேன். இரவு ஒன்பது மணிக்கு மாமாவின் மகன் வேலையிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டுப் புதுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். 'எப்படி மச்சான் இருக்கு?' என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னான்: 'நல்லாதான் இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமைதான் எனக்கு நெசமான கலர் தெரியும்.'